கியோட்டோவில் கஞ்சி வைக்கக் கற்றேன்

சமையலைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. இருபது வருஷ காலமாக நான் பள்ளிக்கூடத்தில் ரஸாயன சாஸ்திரம் போதித்து வருகிறேன். தண்ணீர் எத்தனை டிகிரி உஷ்ணத்தில் கொதிக்கும், உப்பு எந்த அளவில் கரையும் என்பவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டி எத்தனையோ மாணாக்கர்களைத் தேற வைத்திருக்கிறேன். ஆனால் என் வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதிப்பதை ஒரு நாளாவது நின்று பார்த்தவன் அல்லன்.

என் மனைவியும் என்னைப் போலவே பள்ளி ஆசிரியை. மாலை ஐந்து மணிக்கு இருவரும் ஒரே பஸ்ஸிலிருந்து இறங்குவோம். வீட்டுக் கதவைத் திறந்ததும் அவள் நேரே சமையலறைக்குப் போவாள். நான் நேரே சாய்வு நாற்காலிக்குப் போவேன். இந்த ஏற்பாட்டில் அநீதி ஏதேனும் இருப்பதாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், கடல் கடந்த கியோட்டோ நகரத்தில், முன்பின் அறியாத ஒரு மூதாட்டியின் அடுப்பங்கரையில்தான் அது முதன் முதலாகத் தோன்றியது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல முன்வந்திருக்கிறேன்.

மரத்தூள் ஆடிய நடனம்

கோடை விடுமுறையில் ஜப்பானுக்குப் போய் வரவேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவு கொள்ளும் குடும்பத்தினர். ஆகையால், "அந்தத் தேசத்தில் நாம் என்னத்தைச் சாப்பிடுவது?" என்று நான் கேட்டேன். "புத்தர் பெருமான் போய்ச் சேர்ந்த தேசத்தில் நமக்கா சோறு கிடைக்காது?" என்று அவள் பதில் சொன்னாள்.

சோறு கிடைத்தது, மீனும் கூடவே கிடைத்தது. முதல் நாள் ஒரு சிற்றுண்டிச் சாலையில், மாமிசம் வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று கைச் சாடையாலும் சீட்டாலும் விளக்கிவிட்டு, சோயாப் பாலைத் திரைத்துச் செய்த டோஃபு என்னும் கட்டியைக் கொண்டுவரச் சொன்னோம். கொண்டுவந்தார்கள். அதன்மேல் மரச் சீவலைப் போன்று மெல்லியதாக ஏதோ தூவியிருந்தது. கீழேயிருந்து எழுந்த ஆவியில் அந்தச் சீவல்கள் வளைந்தும் நெளிந்தும் நடனம் ஆடின. "அடடா, என்ன வேடிக்கை!" என்று நான் வியந்துகொண்டே கரண்டியை எடுக்கும் தறுவாயில், என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது மரமுமன்று, இலையுமன்று, மீன்!

கட்ஸுவோபுஷி என்பது அதன் பெயர். சூரை ஜாதி மீனை வேகவைத்து, புகையிட்டு, பூஞ்சணம் பிடிக்கச் செய்து, மாதக் கணக்கில் உலர்த்துகிறார்கள். அது கடைசியில் கட்டை போல இறுகி விடுகிறது. தச்சன் இழைப்புளியால் பலகையை இழைப்பது போல அதை இழைத்து எடுக்கும் சீவல்தான் ஜப்பானியச் சமையலில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. குழம்பிலும், நூல் போன்ற மாவுணவின் சாற்றிலும், கீரைக் கறியிலுங்கூட அதன் ரஸம் மறைந்து நிற்கும். கண்ணுக்கு மீன் தெரியாதபடியால், பரிமாறுகிறவர்களுக்கே அது நினைவுக்கு வருவதில்லை. அவர்கள் வேண்டுமென்று ஏமாற்றுவதாகச் சொல்வதற்கில்லை. நம் ஊரில் வெள்ளைக்காரர் ஒருவர், "காரமே வேண்டாம்" என்று சொன்னால், மிளகாயை நீக்கிவிட்டு மிளகை அரைத்துப் போடுவோம் அல்லவா? அது போலத்தான் இதுவும்.

இந்தச் சங்கடத்துக்கு என் மனைவி புறப்படும் முன்பே ஒரு பரிகாரம் தேடி வைத்திருந்தாள். கியோட்டோ நகரத்தில் தம் வீட்டுச் சமையலறையிலேயே அந்நிய தேசத்தாருக்கு வீட்டுச் சமையல் கற்றுக் கொடுக்கும் மூதாட்டி ஒருவர் இருப்பதாக அறிந்து, அவருக்குக் கடிதம் எழுதி, மீன் சேராத சமையலைக் கற்பிக்க இயலுமா என்று கேட்டிருந்தாள். இயலும் என்று பதில் வந்தது. பணமும் முன்கூட்டியே செலுத்தப்பட்டது.

அந்த நாள் விடிந்தபோது என் மனைவிக்கு நல்ல ஜுரம். முந்தின நாள் மழையில் நனைந்ததன் பலன். மருந்துக் கடையிலிருந்து வாங்கி வந்த மாத்திரையை விழுங்கிவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு படுத்தவள், "நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்றாள்.

"நானா? சமையல் கற்றுக்கொள்ளவா?"

"கட்டின பணம் திரும்பி வராது. பார்த்து எழுதிக்கொண்டாவது வாருங்கள். எனக்குத் தூக்கம் வருகிறது."

குறிப்புப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பரீட்சைக்குப் படிக்காமல் போகும் மாணாக்கனின் மனநிலை எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இரண்டு ஆசிரியர்கள்

குறுகிய சந்து ஒன்றில், முகப்பு ஒடுங்கியும் உள்ளே நீண்டும் அமைந்த பழைய மர வீடு. நம் அக்கிரகாரத்து வீடுகளையும் செட்டிநாட்டு வீடுகளையும் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு புதிதாய்த் தோன்றாது. வாசலிலேயே செருப்பைக் கழற்றும் வழக்கமும் நம்முடையதே. அம்மையாருக்கு எழுபது வயது இருக்கலாம். வளைந்து வணங்கி என்னை வரவேற்றார். என்னைத் தவிர ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சகோதரிகள் இருவரும், தைவான் தீவைச் சேர்ந்த வாலிபர் ஒருவரும் மாணாக்கர்கள்.

அவரை "சென்செய்" என்று அழைக்க வேண்டும் என்று வாலிபர் எனக்குச் சொன்னார். ஆசிரியர் என்பது அதன் பொருள். நானும் தொழிலால் ஆசிரியன் என்று தெரிந்ததும் அம்மையார், "அப்படியானால் தாங்களும் சென்செய்!" என்று கூறி மறுபடியும் வணங்கினார். பிறகு என் கையில் ஒரு மேலங்கியைக் கொடுத்து, அரிசியைக் கழுவும்படி உத்தரவிட்டார். என் சென்செய்ப் பட்டம் அத்துடன் கழன்று விழுந்தது.

அரிசி கழுவுவதில் என்ன சாஸ்திரம் இருக்க முடியும் என்று நினைத்தேன். முதலில் ஊற்றும் தண்ணீரை ஒரு சுற்றுச் சுற்றி உடனே கொட்டிவிட வேண்டுமாம். உலர்ந்த அரிசி முதல் தண்ணீரைத்தான் ஆவலோடு உறிஞ்சும். தாமதித்தால் தவிட்டு வாடையையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அதன் பிறகு கையால் மெதுவாக அளைந்து மூன்று நான்கு தண்ணீர் மாற்றி, அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். அரிசி அளப்பதற்கு அவர்களிடம் "கோ" என்றோர் அளவு உண்டு. அது 180 மில்லி லிட்டர் கொள்ளும். நம் ஆழாக்கைவிடச் சற்றுப் பெரிது.

இப்போது ஜப்பானிய வீடுகளில் மின்சாரச் சோற்றுப் பானைதான் வேலை செய்கிறது. தானாகவே சோறு வடிக்கும் அந்தப் பானை 1955-இல் அங்கே விற்பனைக்கு வந்து, வீட்டுப் பெண்களுக்கு விடியற்காலைத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆயினும் அம்மையார் எங்களுக்காக மண் பானையையே அடுப்பில் ஏற்றினார். முதலில் சிறு தீ, நடுவில் பெருந் தீ, பிறகு அடங்கின தீ. குழந்தை வீறிட்டு அழுதாலும் மூடியை மட்டும் திறக்கலாகாது என்பது அந்நாட்டுப் பாட்டிமார் வகுத்த விதி. அன்றைய சோற்றில் பச்சைப் பட்டாணி கலந்திருந்தது. வஸந்த காலம் முடியும் தறுவாயில் பட்டாணிச் சோறு உண்பது அங்கே வழக்கம். எந்த மாதத்துக்கு எந்தக் காய் என்பதில் அவர்கள் மிகவும் கண்டிப்புக்காரர்கள்.

கொம்பின் ரகசியம்

"இனிமேல்தான் முக்கியமான பாடம்" என்று சொல்லி, அம்மையார் இரண்டு பாத்திரங்களை எடுத்து வைத்தார். ஒன்றில் மற்ற மூவருக்கும் மீன் சீவல் சேர்ந்த சாறு. மற்றொன்றில் எனக்கு மட்டும் தனிச் சாறு. எனக்குரிய பாத்திரத்தையும் கரண்டியையும் அவர் வேறாகவே வைத்துக்கொண்டதை நான் கவனித்தேன். கடிதத்தில் என் மனைவி எழுதிய இரண்டு வரிகளுக்கு அவர் அத்தனை மதிப்புக் கொடுத்திருந்தார்.

அந்தச் சாற்றுக்குத் "தாஷி" என்று பெயர். என்னுடையது கொம்பில் செய்தது. கொம்பு என்றதும், மாட்டுக் கொம்போ என்று ஒரு கணம் திகைத்துப் போனேன். கடலில் வளரும் அகன்ற பாசி ஒன்றுக்குத்தான் ஜப்பானியர் கொம்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! வடக்கே ஹொக்காய்டோத் தீவின் குளிர்ந்த கடலில் அது விளைகிறது. கியோட்டோ நகரத்தில் அது விளையாவிட்டாலும், பழங் காலத்தில் மேற்குக் கடலோரமாய் வந்த வணிகக் கப்பல்கள் அதைக் கொண்டுவந்து இறக்கின. நகரத்தைச் சுற்றிலும் புத்த மடங்கள். கிணற்றுத் தண்ணீரோ உப்புக் கலப்பில்லாத மென்னீர். கொம்பின் ரஸம் மென்னீரில் நன்றாக இறங்கும். ஆகவே மீனில்லாத சமையல் அந்நகரத்தில் ஒரு பெரிய கலையாகவே வளர்ந்துவிட்டது.

ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் கொம்பு. அரைமணி ஊறிய பின் மெல்லிய தீயில் சூடேற்ற வேண்டும். தண்ணீர் கொதிக்கத் தொடங்குமுன் கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் கசப்பும் கொழகொழப்பும் இறங்கிவிடும். இத்துடன் இரவெல்லாம் குளிர்ந்த நீரில் ஊறிய உலர்ந்த காளானின் சாற்றையும் அம்மையார் சேர்த்தார். நான் ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பில்லை, புளிப்பில்லை, இனிப்பில்லை. ஆனாலும் நாக்கு முழுவதும் ஏதோ ஒரு நிறைவு பரவி நின்றது.

இந்த இடத்தில் என் ரஸாயனம் சற்று விழித்துக்கொண்டது. டோக்கியோ ஏகாதிபத்திய சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்த இகேடா கிகுனாயே என்பவர், 1908-இல் இதே கொம்புச் சாற்றை ஆராய்ந்து, அதன் ருசிக்குக் காரணம் குளுட்டாமிக் அமிலத்தின் உப்பு என்று கண்டு சொன்னார். அந்தச் சுவைக்கு "உமாமி" என்று பெயரிட்டார். அடுத்த வருஷமே அந்த உப்பு வியாபாரச் சரக்காகக் கடைக்கு வந்துவிட்டது. 1913-இல் இகேடாவின் மாணாக்கர் கோடாமா ஷிண்டாரோ, மீன் சீவலில் இருப்பது இனோஸினிக் அமிலத்தைச் சேர்ந்த பொருள் என்று கண்டார். 1957-இல் குனினாகா அகிரா, காளானில் இருப்பது குவானிலிக் அமிலத்தின் உப்பு என்பதையும், அது கொம்பின் உப்போடு சேர்ந்தால் ருசி பன்மடங்கு பெருகும் என்பதையும் காட்டினார். மடத்துச் சமையற்காரர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே கொம்பையும் காளானையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். சாஸ்திரம் பின்னால் மெதுவாக நடந்து வந்து, "சரிதான்" என்று தலையை ஆட்டியது.

நம் தக்காளி ரஸத்தில் நாக்கு சப்புக் கொட்டுவதற்கும் இந்தக் குளுட்டாமிக் அமிலம் ஒரு காரணமே. பழுத்த தக்காளியில் அது நிறைய உண்டு. இதை நான் ஆஸ்திரேலியச் சகோதரிகளுக்கு உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, அம்மையார் என் முன்னால் ஒரு கல்வத்தை வைத்தார். உட்புறம் முழுதும் வரிவரியாகக் கீறிய மண் கிண்ணம், மரக் குழவி. வறுத்த எள்ளை அதில் அரைக்க வேண்டும். வெந்த பசலைக் கீரையில் அந்த எள்ளையும் சோயாச் சாற்றையும் துளிச் சர்க்கரையையும் பிசைந்தால் ஒரு கறி ஆகிவிடுகிறது. வாய் பேசுகிற வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட என் கை அரைக்கவில்லை என்பதை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தவிட்டுப் பானை

கூடத்து மூலையிலிருந்து அம்மையார் ஒரு பானையைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் பழைய சோற்று நீரைப் போன்ற இலேசான புளிப்பு வாடை வீசியது. உள்ளே ஈரமான தவிடு. அரிசித் தவிட்டில் உப்பும் நீரும் மிளகாயும் கொம்புத் துண்டும் கலந்து புளிக்க வைத்தது அது. அதனுள் வெள்ளரிக்காயையும் கத்தரிக்காயையும் புதைத்து வைத்தால் மறுநாள் ஊறுகாய் தயார். ஆனால் ஒரு நிபந்தனை. தினந்தோறும் கையை அடிவரை விட்டுக் கிளறிப் புரட்ட வேண்டும். நாலு நாள் மறந்தால் மேலே வெள்ளைப் படலம் படர்ந்து கெட்டுப் போகும்.

"இது என் மாமியார் எனக்குக் கொடுத்தது. நாற்பது வருஷமாய்க் கிளறி வருகிறேன். என் மகள் டோக்கியோவில் உத்தியோகத்தில் இருக்கிறாள், தனக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்" என்றார் அம்மையார். குறையாகச் சொல்லவில்லை; மழை பெய்தது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

தவிட்டுக்கும் ஜப்பானுக்கும் உள்ள தொடர்பு ஊறுகாயோடு நிற்பதன்று. டோக்கியோ நகரம் எடோ என்று பெயர் பெற்றிருந்த காலத்தில், அங்கே குடியேறிய ஜனங்கள் தீட்டின வெள்ளை அரிசி உண்ணத் தொடங்கினார்கள். கால் வீங்கி, மரத்து, இருதயம் தளர்ந்து மடிந்தார்கள். கிராமத்துக்குத் திரும்பினால் நோய் நீங்கியது. "எடோ நோய்" என்றே அதற்குப் பெயர் வந்தது. பெரிபெரி என்று வைத்தியர்கள் சொல்லும் நோய் அதுதான். 1882-இல் புறப்பட்ட ரியூஜோ என்ற போர்க் கப்பலில் 376 மாலுமிகளில் 169 பேர் அந்நோயால் விழுந்தார்கள். 25 பேர் இறந்தார்கள். கடற்படை வைத்தியர் டகாகி கானெஹிரோ, 1884-இல் அதே வழியில் சென்ற மற்றொரு கப்பலுக்கு உணவை மாற்றிக் கொடுத்து அனுப்பினார். அதில் ஒருவரும் அந்நோயால் சாகவில்லை. நோய்க்குக் காரணம் புரதக் குறைவு என்று டகாகி எண்ணியது பிழை. ஆனால் அவர் கண்ட பரிகாரம் சரியானது. தரைப்படையின் வைத்தியர்கள் அவர் சொல்லை ஏற்கவில்லை. 1904-05-இல் ருஷ்யாவோடு நடந்த யுத்தத்தில் பெரிபெரியால் மட்டும் 27,000 போர் வீரர்கள் வரையில் மாண்டார்கள். 1910-இல் ஸுஸுகி உமெடாரோ என்ற விஞ்ஞானி நோய் நீக்கும் பொருளைத் தவிட்டிலிருந்தே பிரித்தெடுத்தார். அதைத்தான் இப்போது வைட்டமின் பி-1 என்கிறோம். அம்மையாரின் பானையில் புதைந்திருக்கும் வெள்ளரிக்காய், தவிட்டிலுள்ள அந்தச் சத்தையும் உறிஞ்சிக்கொண்டுதான் வெளியே வருகிறது.

நம் பாட்டிமார் நெல்லைப் புழுக்கிக் காயவைத்துக் குத்தினார்களே, அதன் அருமையை அன்று நினைத்துக்கொண்டேன். புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. காந்தியடிகள் 1934-இல் நிறுவிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கமும், அதை நடத்தி வந்த தஞ்சாவூர்க்காரராகிய ஜே. ஸி. குமரப்பாவும் கைக்குத்தல் அரிசிக்காக அத்தனை மன்றாடியதும் இதற்காகவே. இவ்வளவும் எனக்குப் புத்தகத்தில் தெரியும். தவிட்டுக்குள் என் கை நுழைந்தது மட்டும் அன்றுதான். குளிர்ச்சியாய், ஈரமண்ணைப் போல், உயிருள்ள ஒன்றைத் தொடுவதாய் இருந்தது.

கரண்டி பிடித்த புரட்சிக்காரர்

வேலைக்கு நடுவே அம்மையார், "இந்தியா என்றால் எங்களுக்குக் கறி-சோறுதான் நினைவுக்கு வரும்" என்று சொல்லிச் சிரித்தார். ஜப்பானியர் வாரந்தோறும் விரும்பி உண்ணும் அந்தக் கறி, மெய்ஜி காலத்தில் ஆங்கிலேயர் மூலமாய் மாவுக் குழம்பாக அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் அசல் இந்தியக் கறியை அங்கே நிலைநாட்டியவர் யார் தெரியுமா? ராஷ் பிஹாரி போஸ்!

1912-இல் தில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு மீது வெடிகுண்டு வீசிய சதியின் சூத்திரதாரி அவர். 1915-இல் தப்பி ஜப்பானுக்குப் போனார். பிரிட்டிஷாரின் வற்புறுத்தலால் ஜப்பானிய அரசாங்கம் அவரை வெளியேற்ற உத்தரவிட்டபோது, டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் நாகமுராயா என்ற ரொட்டிக் கடை நடத்தி வந்த ஸோமா தம்பதிகள் தங்கள் இடத்தில் அவரை ஒளித்து வைத்தார்கள். 1918-இல் அவர்களுடைய மகள் டோஷிகோவை அவர் மணந்தார். 1925-இல் அந்த அம்மையார் இறந்தார். 1927-இல் நாகமுராயா உணவுச் சாலை தொடங்கியபோது, போஸ் கற்றுக் கொடுத்த இந்தியக் கறி அங்கே பரிமாறப்பட்டது. இன்றும் அந்தக் கறி அதே இடத்தில் கிடைக்கிறது. பாரத சுதந்திரத்தைக் கண்ணால் காணாமல் 1945 ஜனவரியில் அவர் கண்மூடினார். சாம்ராஜ்யத்தை நடுங்க வைத்த கை, குழம்புக்கு மசாலா கூட்டுவதைத் தனக்கு இழுக்காக எண்ணவில்லை!

இதை நான் சொன்னதும் அம்மையார், தம் நாட்டுக் கதை ஒன்றைப் பதிலுக்குச் சொன்னார். தோகென் என்ற துறவி 1223-இல் ஞானம் தேடிச் சீன தேசத்துக்குக் கப்பலேறினார். கப்பல் துறைமுகத்தில் நின்றபோது, அறுபது வயதுடைய ஒரு சீனத் துறவி ஜப்பானியக் காளான் வாங்க அங்கே வந்தார். அவர் ஒரு மடத்தின் தலைமைச் சமையற்காரர். இந்த வயதில் தியானத்தையும் சாஸ்திர விசாரத்தையும் விட்டுவிட்டுச் சமையல் வேலைக்காக இப்படி அலைவானேன் என்று இளைஞராகிய தோகென் கேட்டார். கிழவர் வாய்விட்டுச் சிரித்து, உனக்குச் சாதனை என்றால் என்னவென்றே இன்னும் தெரியவில்லை என்னும் கருத்துப்படப் பதில் சொன்னாராம். அந்தச் சிரிப்பை மறவாத தோகென், ஊர் திரும்பிய பின், 1237-இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் இயற்றினார்.

கதையைச் சொல்லிவிட்டு அம்மையார் என் மனைவியைப் பற்றி விசாரித்தார். கடிதம் எழுதியவள் வரவில்லையே என்று அதுவரை அவர் கேட்காதிருந்தது மரியாதையினால்தான். ஜுரமாய்ப் படுத்திருக்கிறாள் என்றேன். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். இரண்டு பிஸ்கோத்து என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஊரில் உங்கள் மனைவி நோயாய்ப் படுத்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள்?" என்று கேட்டார்.

வெகு சாதாரணமான கேள்வி. ஆனால் அதற்கு நான் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனெனில் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருஷங்களுக்கு முன் அவள் விஷ ஜுரத்தில் படுத்திருந்தபோது, அவளே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், தனக்குக் கஞ்சியும் எனக்குக் காப்பியும் போட்டாள். நான் அந்தக் காப்பியைக் குடித்தேன். சற்றுத் தண்ணீராக இருக்கிறதென்றும் சொன்னேன்.

"அவளேதான்" என்று கடைசியில் சொன்னேன். அம்மையார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து ஒரு சிறு மண் பானையைக் கழுவினார்.

ஒன்றுக்கு ஐந்து

ஒரு பங்கு அரிசிக்கு ஐந்து பங்கு நீர். நோய் கடுமையானால் ஏழு, குழந்தைகளுக்குப் பத்து. கொதி வந்ததும் தீயைத் தணித்து, மூடியைச் சற்றே விலக்கி வைத்து, முக்கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். ஓயாமல் கிளறினால் பசையாகிவிடும். இறக்கிய பின் பத்து நிமிஷம் மூடி வைத்துப் பிறகுதான் உப்பு. "ஓகாயு" என்று அதற்குப் பெயர். அம்மையார் அருகில் நின்று சொன்னாரே தவிர, தாம் கை வைக்கவில்லை. எல்லாவற்றையும் என்னையே செய்ய வைத்தார். நல்ல ஆசிரியைக்கு அதுவே அடையாளம்.

பானை பக்குவமாகிக்கொண்டிருந்தபோது, தைவான் வாலிபர் அதை ஆங்கிலத்தில் "காஞ்ஜி" என்று குறிப்பிட்டார். ஆஸ்திரேலியச் சகோதரிகளும் அப்படியே சொன்னார்கள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, அந்தச் சொல் எங்கள் தமிழிலிருந்து வந்தது என்று தெரிவித்தேன். எல்லோரும் மகிழ்ச்சியோடு என்னைப் பார்த்தார்கள். உலகத்துக்குக் கஞ்சி என்ற சொல்லை வழங்கிய நாட்டினன். நாற்பத்தாறு வயதில் முதல் முதலாகக் கஞ்சி வைக்கிறவன்! என் மார்பு தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

பிறகு பந்தி. பட்டாணிச் சோறு, டோஃபு மிதந்த மிஸோக் குழம்பு, எள்ளுக் கீரை, சுட்ட கத்தரிக்காய், தவிட்டு வெள்ளரி. குழம்பு ஒன்று, கறி மூன்று என்பது அவர்கள் முறை. 2013-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட ஜப்பானிய உணவு முறையின் எலும்புக்கூடு இதுவே. உண்ணுமுன் கைகூப்பிச் சொல்லும் சொல்லுக்கு, "பணிந்து பெற்றுக்கொள்கிறேன்" என்று அர்த்தம். உண்டு முடித்ததும் "கோச்சிஸோ-ஸாமா" என்கிறார்கள். விருந்து என்று பொருள்படும் அந்தச் சொல்லின் மூலம், "ஓடி அலைந்து" என்பதாம். எனக்காக ஓடி அலைந்து இதைத் தேடிக் கொண்டுவந்தீர்களே என்பது கருத்து. இருபது வருஷ காலத்தில் நான் ஒரு தடவையாவது என் வீட்டில் அப்படிச் சொன்னதுண்டா என்று யோசித்தேன். உப்பு அதிகம், உப்புக் குறைவு என்று சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

அம்மையார் கஞ்சியைச் சூடு ஆறாத குப்பியில் ஊற்றி, இலையில் இரண்டு உமெபோஷியும் மடித்துக் கொடுத்தார். உப்பில் ஊறி, வெயிலில் காய்ந்து, செம்மை பூத்த புளிப்புப் பழம் அது. நம் உப்பு நார்த்தங்காய் செய்யும் காரியத்தை அங்கே அது செய்கிறது.

விடுதிக்கு வந்தபோது என் மனைவி விழித்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்தவள், பழத்தைத் துளி கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"நன்றாயிருக்கிறது. அந்த அம்மாளா வைத்துக் கொடுத்தார்கள்?"

"நான் வைத்தேன்."

அவள் கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். ஜுரத்தில் சிவந்திருந்த கண்கள். பரிகாசம் செய்வாள் என்று எதிர்பார்த்தேன், செய்யவில்லை. மறுபடியும் கிண்ணத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "உப்புச் சற்றுக் குறைவு" என்றாள். பிறகு கிண்ணத்தைக் காலி செய்தாள்.

பின்னுரை

ஊருக்குத் திரும்பியபின் வாரத்தில் இரண்டு நாள் மாலை அடுப்பு என் பொறுப்பு என்று ஏற்பாடாயிற்று. முதல் நாள் நான் வைத்த ரஸத்தைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவதே குடும்ப கௌரவத்துக்கு ஏற்றது. இப்போது பாதகமில்லை. அரைமணி ஊறிய அரிசியின் சோறு நன்றாக மலர்கிறது என்பதை என் மனைவியும் ஒப்புக்கொண்டிருக்கிறாள். அந்த இரண்டு நாட்களிலும் சாய்வு நாற்காலியில் அவள் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால் அவள் முகம் தெரிகிறது. இத்தனை வருஷமாய் அவள் எட்டிப் பார்த்தபோது அவளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதும் எனக்கு இப்போது புரிகிறது.

இதைப் படிக்கும் கனவான்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜப்பானுக்குப் போக வேண்டாம். கொம்பும் காளானும் தேட வேண்டாம். வீட்டிலே அரிசி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு. வீட்டில் யாரும் நோயாய்ப் படுக்குமுன்பே ஒரு தடவை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். உப்பை மட்டும் சற்றுக் கவனித்துப் போடுங்கள்.